ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கணினி நடத்த முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டில் யாருக்கு என்ன தேவை, எங்கே என்ன கையிருப்பு என்பதையெல்லாம் ஒரு பெரிய கணினியில் போட்டால், எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்று அது சொல்லிவிடாதா? பொருளாதாரம் பேசும் இடங்களில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். இதற்கு நூறு ஆண்டு விவாதம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

இந்த விவாதத்தைத் தொடங்கியது யார்?

முதல் உலகப்போர் முடிந்த சமயம், வியன்னா. போர்க்காலத்தில் அரசுகள் இரும்பு, நிலக்கரி, தானியம் எல்லாவற்றையும் தாங்களே பங்கிட்டன. அதைக் கூர்ந்து பார்த்த ஆஸ்திரிய அறிஞர் ஓட்டோ நொய்ராத், அமைதிக் காலத்திலும் பணமே இல்லாமல் இப்படி நடத்தலாம் என்றார். இத்தனை டன் கரி, இத்தனை வீடு, இத்தனை மணி நேர உழைப்பு என்று பொருளாகவே கணக்கு வைத்தால் போதும் என்பது அவர் வாதம். 1919ல் ஜெர்மனியின் பவேரியாவில் திட்ட அலுவலகம் ஒன்றுக்குத் தலைமையும் தாங்கினார். அங்கே நடந்த புரட்சி அதே ஆண்டில் நசுக்கப்பட்டது. அவரும் சிறைக்குப் போனார்.

1920ல் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் எதிர்வாதம் எழுதினார். புதிய ரயில் பாதை ஒன்று போடலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பீர்கள்? போட்டால் இவ்வளவு எஃகு, இவ்வளவு உழைப்பு செலவாகும். இவ்வளவு பயண நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். எஃகையும் நேரத்தையும் கரியையும் கூட்டிக் கழிக்க ஒரு பொது அளவு வேண்டும். சந்தையில் விலைதான் அந்த அளவு. ஆலையும் இயந்திரமும் வாங்கி விற்கப்படாத நாட்டில் அவற்றுக்கு விலையே இருக்காது. விலை இல்லாமல் கணக்குப் போட வழி இல்லை என்றார்.

மீசஸ் வாதம் பலமானது. ஆனால் நொய்ராத் கேட்ட ஒரு கேள்வியை இன்றுவரை யாரும் முழுதாகத் தீர்க்கவில்லை. மின்சாரத்துக்கு நிலக்கரியை எரிப்பதா, நீர்மின் நிலையம் கட்டுவதா? கரியை இன்று எரித்தால் நாளை பிறக்கப்போகிறவர்களுக்கு இருக்காது. பிறக்காதவர்கள் எந்தச் சந்தைக்கு வந்து விலை கேட்பார்கள்? எண்ணூரிலோ நெய்வேலியிலோ வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டியதில்லை.

சமன்பாடுகளைத் தீர்த்துவிட்டால் விலை தானே வந்துவிடாதா?

வரும், தாளில். சோஷலிச அரசின் உற்பத்தி அமைச்சகம் எந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும் என்று இத்தாலியப் பொருளியலாளர் என்ரிக்கோ பரோனே 1908லேயே எழுதிக் காட்டிவிட்டார். அவருக்கு முன்னோடியான பரேட்டோ ஒரு கணக்குச் சொன்னார்: 100 பேர், 700 பொருள்கள் மட்டும் உள்ள சமூகத்துக்கே 70,699 சமன்பாடுகள் தேவைப்படும். இதை நடைமுறையில் தீர்க்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான், அது சந்தை என்பது அவர் முடிவு.

1930களில் போலந்துப் பொருளியலாளர் ஓஸ்கர் லாங்கே வேறு வழி சொன்னார். திட்டக் குழு ஏதோ ஒரு விலையை அறிவிக்கட்டும். சரக்கு தேங்கினால் குறைக்கட்டும், தட்டுப்பாடு வந்தால் ஏற்றட்டும். சந்தை செய்வதை அலுவலகமே செய்துவிடும். 1965ல் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இப்போதுதான் மின்னணுக் கணினி வந்துவிட்டதே, சமன்பாடுகளை அதில் போட்டால் ஒரு நொடிக்குள் விடை வரும், அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்டார். சந்தை என்பது மின்னணுக் காலத்துக்கு முந்தைய ஒரு கணக்கீட்டுக் கருவி என்பது அவர் பார்வை.

இன்று "டேட்டா இருந்தால் போதும்" என்கிறவர்கள் பலர் லாங்கேயின் பேரப்பிள்ளைகள்தான்.

ஹயெக் இதற்கு என்ன பதில் சொன்னார்?

லாங்கே 1930களில் சொன்னதற்குப் பொருளியலாளர் ஃபிரீட்ரிக் ஹயெக்கின் பதில் 1945ல் வந்தது. கணக்கு கடினம் என்று அவர் வாதாடவில்லை. கணக்கில் போட வேண்டிய எண்கள் ஒரே இடத்தில் இல்லை என்றார். எந்த இயந்திரம் அரை நாள் சும்மா கிடக்கிறது, எந்த லாரி திரும்பும்போது காலியாக வருகிறது, எந்தத் தொழிலாளிக்கு எந்த வேலை கைவந்தது: இவையெல்லாம் அந்தந்த இடத்தில், அந்தந்த நேரத்தில், அந்தந்த ஆளுக்கு மட்டும் தெரிந்தவை. பலவற்றைத் தெரிந்தவராலேயே வாயால் சொல்ல முடியாது.

அவர் தந்த உதாரணம் வெள்ளீயம். உலகில் எங்கோ வெள்ளீயத்துக்குப் புதுத் தேவை வந்துவிட்டது, அல்லது ஒரு சுரங்கம் நின்றுவிட்டது. எது நடந்தது என்று ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் தகர டப்பா செய்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியதைப் பார்த்தாலே சிக்கனமாகப் பயன்படுத்துவார், மாற்றுப் பொருள் தேடுவார். ஒரே ஒரு எண் அவரிடம் அத்தனையும் சொல்லிவிடுகிறது.

நமக்குப் பக்கத்தில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் சேவை படிப்படியாக வந்தது. அதற்கு முன் மத்தி மீன் பிடித்து வரும் படகுகள் வழக்கமான கரைக்கே போய்ச் சேரும். வடகரா என்ற ஊரில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டிய அதே காலையில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மீன் கிடைக்காமல் வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். செல்போன் வந்ததும் கடலிலிருந்தே நாலு கரையில் விசாரித்துவிட்டு எங்கே போவது என்று முடிவு செய்தார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆய்வின்படி கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

எந்த அமைச்சகமும் ஆணை போடவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். ஹயெக்கின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதது நிறைய. இந்த ஒரு புள்ளியில் அவர் கண்டது உண்மை.

சோவியத் யூனியனில் கணிதம் தெரிந்தவர்களே இல்லையா?

உலகத்திலேயே சிறந்தவர்கள் இருந்தார்கள். 1938ல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் ஓர் இளம் கணிதப் பேராசிரியரிடம் போனார்கள். பல வகை மரம், பல இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கிறது. எதை எதில் போட்டால் அதிகப் பலகை கிடைக்கும்? லியோனிட் கன்டரோவிச் அதைத் தீர்க்கப் போய்க் கண்டுபிடித்ததுதான் இன்று கல்லூரியில் படிக்கும் நேரிய திட்டமிடல் (linear programming), அதாவது கையில் உள்ளதைப் பங்கிட்டு அதிகப் பலன் பெறும் கணக்கு முறை. 1939ல் சிறு நூலாக வெளியிட்டார். 1975ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று. அந்தக் கணக்கைத் தீர்க்கும்போது விடையோடு சேர்ந்து, ஒவ்வொரு பற்றாக்குறைப் பொருளுக்கும் அதன் மதிப்பைச் சொல்லும் ஓர் எண் தானாக வெளியே வருகிறது. அந்த மரத்தில் இன்னும் ஒரு கட்டு இருந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகச் செய்திருக்கலாம் என்பதைச் சொல்லும் எண். அதாவது விலை. சந்தையே இல்லாத ஆலைக்குள், கணக்கின் வயிற்றிலிருந்து விலை பிறந்தது. பொது அளவு இல்லாமல் கணக்குப் போட முடியாது என்ற மீசஸும் சரி, அந்த அளவைச் சந்தை இல்லாமல் பெறலாம் என்ற சோஷலிஸ்டுகளும் சரி. இரண்டையும் ஒரே தாளில் காட்டினார் கன்டரோவிச். ஆனால் மதிப்பு உழைப்பிலிருந்து மட்டுமே வருகிறது என்று நம்பிய கட்சிப் பொருளியலாளர்களுக்கு இது ஆபத்தான பேச்சு. போர்க்காலத்தில் எழுதிய அவருடைய முக்கியமான நூல் 1959ல்தான் அச்சானது.

அடுத்து கீவ் நகரின் கணினி அறிவியலாளர் விக்டர் குளுஷ்கோவ். 1962 முதல் நாடு முழுவதையும் இணைக்கும் கணினி வலை வேண்டும் என்று கேட்டுவந்தார். மாஸ்கோவில் ஒரு மையம், பெரிய நகரங்களில் சுமார் 200 மையங்கள், கீழே 20,000 முனைகள். 1970ல் கட்சியின் உயர்மட்டக் குழு இதை ஏறக்குறைய கைவிட்டது. நிதி அமைச்சர் கடுமையாக எதிர்த்தார். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் தன் எண்களைத் தானே வைத்திருப்பதில்தான் அதிகாரம் இருந்தது. யாரும் பார்க்கும்படி திறந்துவைக்க எவருக்கும் மனமில்லை. தனித்தனியாக ஒவ்வோர் அமைச்சகமும் ஒன்றோடொன்று பேசாத கணினி மையங்களைக் கட்டிக்கொண்டது.

நம் ஊர் அரசு அலுவலகங்களில், ஒரு துறையிடம் இருக்கும் சான்றிதழின் நகலை இன்னொரு துறைக்கு நாமே தூக்கிக்கொண்டு அலைந்த யாருக்கும் குளுஷ்கோவின் தோல்வி புரியும்.

சிலி நாட்டில் கணினி பொருளாதாரத்தை நடத்தியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

"நடத்தியது" மிகைப்படுத்தல். ஆனால் நூறாண்டு விவாதத்தில் நான் மிகவும் மதிக்கும் முயற்சி இதுதான்.

1970 நவம்பரில் சால்வடோர் அயெந்தே அதிபரானார். ஓட்டுப் பெட்டி வழியே வந்த மார்க்சியர். ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அரசின் கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க ஆளும் இல்லை, முறையும் இல்லை. தொழில் வளர்ச்சிக் கழகத்தில் பொறுப்பிலிருந்த ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸுக்கு அப்போது வயது 28. 1971 ஜூலையில் இங்கிலாந்தின் நிர்வாக அறிஞர் ஸ்டாஃபர்ட் பீருக்குக் கடிதம் எழுதினார். பீர் நவம்பரில் சாண்டியாகோ வந்து இறங்கினார்.

சைபர்சின் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கையில் இருந்தது பெரிய கணினி ஒன்று, அப்புறம் தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே தொலைவுக்கு அனுப்பும் டெலெக்ஸ் இயந்திரங்கள். ஆலைகள் தினமும் சில எண்களை அனுப்பும்: மூலப்பொருள் வரத்து, உற்பத்தி, வேலைக்கு வராதவர்கள். மென்பொருள் அந்த எண்களின் போக்கைப் பார்த்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நகர்ந்தால் எச்சரிக்கும். எச்சரிக்கை முதலில் போவது அந்த ஆலைக்கே. அவர்களுக்குச் சரிசெய்யக் குறிப்பிட்ட அவகாசம் உண்டு. முடியாவிட்டால்தான் மேலே போகும். எல்லாவற்றையும் மையத்துக்கு இழுக்கிற சோவியத் முறைக்கு இது நேர் எதிர். ஹயெக் சொன்ன இடம் சார்ந்த அறிவை மதிக்கிற திட்டமிடல் என்றுகூடச் சொல்லலாம்.

பீர் தன் மாதிரியை அயெந்தேக்குத் தாளில் வரைந்து விளக்கினார். அயெந்தே மருத்துவர்; உடலின் நரம்பு மண்டலத்தைப் பின்பற்றிய ஐந்து அடுக்குகள் அவருக்கு எளிதில் புரிந்தன. உச்சியில் இருக்கும் ஐந்தாவது அடுக்கு நீங்கள்தான் என்று சொல்ல பீர் வாயெடுக்கும் முன், அயெந்தே புன்னகையோடு "கடைசியில் மக்கள்" என்றாராம். பீர் பின்னாளில் சொன்ன செய்தி இது.

1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அமெரிக்க உளவுத்துறை சிலியின் எதிர்க்கட்சிகளுக்குப் பணம் கொடுத்துவந்த காலம். நீளமாக, ஒடுக்கமாகக் கிடக்கும் நாட்டில் லாரி நின்றால் எல்லாம் நின்றது. அப்போது உதவியது கணினி அல்ல, டெலெக்ஸ் வலைதான். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே மாவு தீர்ந்தது, எந்த லாரி கிடைக்கும் என்ற செய்திகள் இரவும் பகலும் ஓடின. அரசுக்கு ஆதரவாக நின்ற சுமார் 200 லாரிகளைக் கொண்டு அத்தியாவசியப் பொருள்களைக் கொண்டுசேர்த்தார்கள். அரசு பிழைத்தது. பேச வழி இருந்ததால் பிழைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எண்கள் பல நேரம் தாமதமாக வந்தன. தொழிலாளர்களே மாதிரிகளை வடிவமைப்பார்கள் என்று பீர் கனவு கண்டார். பெரும்பாலான ஆலைகளில் பொறியாளர்கள் வந்து மேலாளர்களிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். ஏழு சுழல் நாற்காலிகளோடு கட்டிய அந்தப் பிரபலமான கட்டுப்பாட்டு அறை முழுப் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அயெந்தே அன்றே இறந்தார். ஃப்ளோரஸ் மூன்று ஆண்டு சிறையில் இருந்தார். அறையை அழித்துவிட்டார்கள்.

இந்தியாவில் இப்படி யாரும் முயலவில்லையா?

புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் இருந்தார். நாட்டின் முதல் எண்முறைக் கணினிகளில் ஒன்று 1956 வாக்கில் கல்கத்தாவில் அவருடைய இந்தியப் புள்ளியியல் கழகத்தில்தான் ஓடத் தொடங்கியது. ஆனால் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படையான நான்கு துறை மாதிரிக்குக் கணினியே தேவையில்லை. கையால் போடக்கூடிய அளவு சிறியது. என் கணிப்பில் அவருடைய பெரிய கொடை 1950ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுதான். கோடிக்கணக்கான வீடுகளைப் பற்றி, சில ஆயிரம் வீடுகளில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்து கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்று காட்டினார். இன்றும் வறுமை பற்றிய சண்டையெல்லாம் அந்த ஆய்வின் எண்களை வைத்துத்தான் நடக்கிறது.

திட்டமிடல் சறுக்கியது வேறு இடத்தில். எந்த ஆலை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதற்கு உரிமம் வாங்க வேண்டும். சில பெரிய வணிகக் குழுமங்கள் ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பங்கள் போட்டு, போட்டியாளருக்கு இடமில்லாமல் உரிமத்தை முடக்கி வைத்ததை 1967ல் ஹசாரி அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. விண்ணப்பத்தில் எழுதிய எண் உற்பத்திக்காக எழுதியது இல்லை. அப்படிப்பட்ட எண்களை எந்தக் கணினியில் போட்டு என்ன பயன்?

அன்றைய கணினிகள் பாவம், சின்னவை. இன்றைய கணினிகளாலும் முடியாதா?

பெரிய நேரிய கணக்குகள், அதாவது ஒன்றை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் கணக்குகள், இன்று சாதாரணம். லட்சக்கணக்கான மாறிகள் கொண்டவற்றை விமான நிறுவனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் தினமும் தீர்க்கின்றன. பரேட்டோவின் 70,699 சமன்பாடுகள் நேரியவையாக இருந்தால் உங்கள் மடிக்கணினிக்கே அது சின்ன வேலை.

ஆனால் எல்லாக் கணக்கும் நேரியவை அல்ல. அரை ஆலை கட்ட முடியாது. கட்டினால் முழுதாகக் கட்ட வேண்டும். இப்படி முழு எண்கள் நுழைந்ததும் கணக்கு வேறு வகைக்குப் போய்விடுகிறது. பொருள்களின் எண்ணிக்கை கூடக் கூட, மோசமான சமயங்களில் நேரம் பல மடங்காகப் பெருகி எந்தக் கணினிக்கும் எட்டாமல் போகும்.

இங்கே சந்தை ஆதரவாளர்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2000களில் கணினி அறிவியலாளர்கள் சந்தைச் சமநிலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று ஆராய்ந்தார்கள். எல்லாப் பொருளுக்கும் தேவையும் வரத்தும் ஒத்துப்போகும் விலைத்தொகுதி இருக்கிறது என்று 1954ல் பொருளியலாளர்கள் ஆரோவும் டெப்ரூவும் நிறுவியிருந்தார்கள். இருக்கிறது, சரி. ஆனால் பொதுவான நிலையில் அதை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு வழி இல்லை என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். கணினியால் முடியாததைச் சந்தை மட்டும் எப்படிச் செய்யும்? சந்தையும் மனிதர்களும் தொலைபேசிகளும் சேர்ந்த ஒரு கணக்கீடுதானே. ஆகவே "சந்தை தானாகச் சரியான விலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்" என்பதும் "கணினி சரியான திட்டத்தைத் தந்துவிடும்" என்பதைப் போலவே ஒரு நம்பிக்கை. இரண்டும் உண்மையில் செய்வது ஓரளவு சரியான இடத்தில் தடுமாறி நிற்பதைத்தான். அந்தத் தடுமாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பேசக் குரலில்லாதவர் தலையில்தான் விழுகிறது.

அமேசான் போன்ற பெரிய நிறுவனங்கள் உள்ளுக்குள் திட்டமிட்டுத்தானே நடக்கின்றன?

ஆமாம். ஒரு கிடங்கு இன்னொரு கிடங்குக்குப் பேரம் பேசி விற்பதில்லை. ஆணை வருகிறது, சரக்கு நகர்கிறது. நிறுவனம் என்பதே சந்தைக்கு நடுவே இருக்கும் ஒரு திட்டமிடல் தீவு என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937லேயே எழுதினார். கோடிக்கணக்கான பொருள்களை மையமாகத் திட்டமிடுவது நடைமுறையில் ஆகாது என்ற வாதம் இன்று எடுபடாது. ஆனால் அந்த நிறுவனங்கள் வெளியே இருக்கும் விலைகளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகின்றன. அவற்றின் இலக்கும் ஒன்றே ஒன்று, லாபம். நாட்டுக்கு அப்படி ஒற்றை இலக்கு கிடையாது.

விலை உண்மையைச் சொல்கிறது என்றால் பட்டினிச் சாவு ஏன்?

1943 வங்காளம். அமர்த்தியா சென் 1981ல் வெளியிட்ட ஆய்வில், பஞ்சம் வந்த அந்த ஆண்டின் உணவு இருப்பு, பஞ்சமில்லாத 1941ஐவிடக் குறைவாக இல்லை என்று காட்டினார். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டார்கள், கல்கத்தாவில் போர்ச் செலவு பொங்கியது, அரிசி விலை பல மடங்கு ஏறியது. நகரத்தில் போர் வேலையில் இருந்தவர்களுக்குச் சம்பளம் இருந்தது, மலிவு விலை அரிசியும் கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் முடிதிருத்துவோருக்கும் வருமானம் ஏறவில்லை. இருபது முப்பது லட்சம் பேர் செத்தார்கள்.

அந்த விலை பொய் சொல்லவில்லை. கையில் காசு உள்ளவர்கள் அரிசிக்காக எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதைத் துல்லியமாகச் சொன்னது. காசில்லாதவரின் பசி அந்த எண்ணில் ஏறவே இல்லை. வெள்ளீய விலை டப்பா செய்பவருக்கு எல்லாவற்றையும் சொல்வது போல, அரிசி விலை எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஹயெக்கைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பாதி விவாதத்தைத்தான் படிக்கிறார்கள்.

மறுபக்கம், 1959 முதல் 1961 வரை சீனா. திட்டமிட்ட பொருளாதாரம், சந்தை இல்லை. விளைச்சல் அபாரம் என்று கீழ் அதிகாரிகள் போட்டி போட்டு மேலே எழுதினார்கள். குறைத்துச் சொன்னால் வலதுசாரி என்று முத்திரை விழும். மேலிடம் அந்த எண்களை வைத்துக் கொள்முதல் அளவை நிர்ணயித்தது. தானியம் ஏற்றுமதியும் ஆனது. கோடிக்கணக்கானவர்கள் மாண்டார்கள். இங்கே எண்ணுக்குள் வராமல் போனது பயத்தால்.

பணமும் பயமும் இரண்டு வடிகட்டிகள். எந்த முறையானாலும், மனிதரின் தேவை எண்ணாக மாறும் வழியில் இவற்றில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நொடிக்கு எத்தனை கோடி கணக்குப் போட்டாலும், வடிகட்டியில் சிக்கி உள்ளேயே வராததைக் கணினி கூட்டப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

யார் ஏழை என்று கணினி கண்டுபிடித்துத் தந்தால் உதவி சரியான ஆளுக்குப் போகும் அல்லவா?

1997ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் என்ற முறையைத் தொடர்ந்தது. "பணக்காரனுக்கு எதற்கு ரேஷன் அரிசி?" என்ற கேள்வி அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதற்கு அறிவு சார்ந்த பதில் ஒன்று இருக்கிறது: யார் ஏழை என்பதை அரசால் நம்பகமாகத் தெரிந்துகொள்ள முடியாது. போன மாதம் வேலை போனவர் பட்டியலில் இருக்கமாட்டார். பட்டியல் எடுக்க வந்தவரிடம் பேசத் தெரிந்தவர் இருப்பார். எல்லோருக்கும் என்று வைத்துவிட்டால், தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே போய்விடுகிறது. வேண்டாதவர் தானே வாங்காமல் விடுகிறார். செலவு கூடத்தான் செய்யும். அந்தச் செலவு நியாயமானது என்பது என் கருத்து.

மாறாக, துல்லியம் தேடிப் போன இடங்களில் என்ன ஆனது என்று பாருங்கள். ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் கைரேகை கட்டாயமானபோது, ஆதாரை இணைத்திராத குடும்பங்களுக்குக் கிடைத்துவந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகியோரின் ஆய்வு கண்டது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி பிடிக்க வைத்த முறை ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பொய்யாகக் குற்றவாளியாக்கியது. இரட்டைக் குடியுரிமை இருந்தாலே சந்தேகப் புள்ளி ஏறியது. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

விரல் ரேகை தேயும் அளவுக்கு உழைத்த பாட்டி மெஷினில் ரேகை விழாமல் திரும்பிப் போவதைக் கடையில் நிற்கும் எல்லோரும் பார்க்கிறார்கள். அவர் யார் என்று விற்பனையாளருக்குத் தெரியும், வரிசையில் நிற்பவர்களுக்கும் தெரியும். மெஷினுக்கு மட்டும்தான் தெரியாது. அப்படியிருந்தும் மெஷின் சொல்வதே செல்லும் என்று வைத்திருந்தால் அது தொழில்நுட்பக் கோளாறு இல்லை, அரசியல் முடிவு.

மக்களின் விருப்பத்தையே கணக்கிட்டு இலக்கை வைத்துவிட்டால்?

ஒரு ஊராட்சியில் மூன்று தெரு, பணம் ஒரு வேலைக்குத்தான். முதல் தெருவுக்கு ஏரி முதலில், பிறகு சாலை, பிறகு பள்ளிக் கட்டடம். இரண்டாவது தெருவுக்கு சாலை, பள்ளி, ஏரி. மூன்றாவதுக்குப் பள்ளி, ஏரி, சாலை. இரண்டிரண்டாக வாக்கெடுத்தால் ஏரி சாலையை வெல்லும், சாலை பள்ளியை வெல்லும், பள்ளி ஏரியை வெல்லும். ஊரின் விருப்பம் என்ன? பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785ல் கண்ட புதிர் இது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகளை விருப்ப வரிசைப்படி கூட்டும் எந்த வாக்கு முறையாலும், சில எளிய நியாயமான நிபந்தனைகளைக்கூட எல்லாம் ஒன்றாக நிறைவேற்ற முடியாது என்று 1951ல் கென்னத் ஆரோ நிறுவினார்.

இதைக் கேட்டுச் சிலர் ஜனநாயகமே பொய் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருப்பங்களை முன்கூட்டியே பொட்டலமாகக் கட்டி எடுத்துக் கூட்ட முடியாது என்றுதான் ஆரோ சொல்கிறார். கிராம சபையில் உட்கார்ந்து பேசும்போது, ஏரி நிறைந்தால் பள்ளியில் இருக்கும் கைபம்பிலும் தண்ணீர் வரும் என்று யாராவது சொல்ல, மூன்றாவது தெருவின் மனம் மாறும். பேசுவதற்கு முன் இருந்த விருப்பத்தைக் கணக்கெடுத்த கணினிக்கு இந்த மாற்றம் தெரியாது.

அப்படியானால் நீங்கள் சந்தையின் பக்கமா, திட்டத்தின் பக்கமா?

மத்தி மீனுக்குச் சந்தை, ரேஷனுக்குத் திட்டம், ஏரிக்குக் கிராம சபை. எந்த இடத்தில் யாருடைய அறிவு வடிகட்டியில் சிக்குகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன்.

செயற்கை நுண்ணறிவு வந்த பின் இதெல்லாம் பழைய கதை ஆகிவிடவில்லையா?

பதிவானதிலிருந்து கற்பதில் அது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒருவரால் வாயால் சொல்ல முடியாத போக்குகளைக்கூடப் பிடித்துவிடுகிறது, இது ஹயெக் எதிர்பாராதது. ஆனால் எது பதிவானது, யார் பதிந்தார் என்ற இடத்தில் நாம் 1943லும் 1959லும் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

பதிவைச் சரிபார்ப்பது எப்படி என்பதற்கு ராஜஸ்தானின் ஏழை மக்கள் ஒரு வழி காட்டினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் ரசீதுகளையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருப்பதும், கட்டி முடித்ததாகக் கணக்கில் உள்ள கட்டடம் முடியாமல் நிற்பதும் படிக்கப் படிக்க வெளியே வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தணிக்கை செய்தார்கள், ஏனென்றால் என்ன நடந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் போராட்டம் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகவும், அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை என்ற பிரிவாகவும் வந்து நின்றது. அரசு உதவி யாருக்கு என்று முடிவு செய்யும் மென்பொருளுக்கு, எனக்குத் தெரிந்தவரை, அப்படி ஒரு சபை இல்லை. பட்டியலிலிருந்து என் பெயர் ஏன் போனது என்று கேட்டால், எந்தத் தகவலை வைத்து எந்த விதிப்படி என்று ஊர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். தவறென்று ஊர் சொன்னால் மெஷினின் முடிவு நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் சட்டமாகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.